வான்போரை மேசையில் ஆடிப் பார்ப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போர்த் திரைப்படங்களில் வான்சண்டை வரும்போது கேமரா பெரும்பாலும் சுடும் நொடியில்தான் நிற்கிறது. குறிவட்டத்துக்குள் எதிரி விமானம் வருகிறது, விமானியின் கட்டைவிரல் பொத்தானை அழுத்துகிறது, இறக்கையிலிருந்து புகை கிளம்புகிறது. அந்த விமானம் எப்படி அங்கே வந்து மாட்டிக்கொண்டது, அதற்கு ஒரு நிமிடம் முன்பு இருவரும் எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எந்தத் திசையை நோக்கிப் பறந்துகொண்டிருந்தார்கள் என்பதைப் படம் சொல்வது அரிது. மேசையில் ஆடும் வான்போர் விளையாட்டு அந்த முந்தைய நிமிடத்தைப் பற்றியது. படங்களின் வழியாகப் போர் வரலாற்றின்மேல் ஆர்வம் கொண்டவர்கள் மேசைக்கு வருவதற்கு இதைவிட நல்ல காரணம் வேறொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இதுவரை ஒரு பகடையையும் உருட்டாதவர், கையிலிருக்கும் தாளையும் பென்சிலையும் கொண்டு முதல் ஆட்டத்தை ஆடி, பிறகு தனக்குப் பிடித்த திரைக்காட்சி ஒன்றை மேசைக்குக் கொண்டுவருவது வரை செய்யவேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். எதையும் உடனே வாங்க வேண்டாம் என்பது என் முதல் வேண்டுகோள். எந்தக் காலத்து விமானங்கள், எந்த வகை விதிகள் உங்களுக்குப் பிடிக்கும் என்பது மூன்று நான்கு ஆட்டங்களுக்குப் பிறகுதான் உங்களுக்கே தெரியவரும்.

முதல் படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதல் உலகப் போரின் வானத்திலிருந்து தொடங்குவதே நல்லது. 1915 முதல் 1918 வரை பறந்த போர் விமானங்கள் மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்திலோ அதற்கும் குறைவாகவோ சென்றன. பெரும்பாலானவற்றில் ஒன்றோ இரண்டோ இயந்திரத் துப்பாக்கிகள் மட்டுமே இருந்தன. சண்டை முழுவதும் கண்ணுக்கெட்டிய தொலைவுக்குள்ளேயே நடந்தது. ரேடார், ஏவுகணை என்று எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அதே சமயம் ஒவ்வொரு விமானத்துக்கும் தெளிவான குணம் உண்டு. ஃபாக்கரின் மூன்றடுக்கு இறக்கை விமானம் நன்றாக ஏறும், சட்டெனத் திரும்பும், ஆனால் ஓடித் தப்பாது. பிரெஞ்சு ஸ்பாட் 13 மூக்கைத் தாழ்த்திக் கீழ்நோக்கி வேகமாகப் பாயும், உறுதியானது, ஆனால் திருப்பத்தில் பின்தங்கும். சாப்வித் கேமல் விமானத்தில் எஞ்சினே சுழலியோடு சேர்ந்து சுழன்றதால் வலப்பக்கத் திருப்பம் மிக விரைவாக அமைந்தது. அதே காரணத்தால் அனுபவமற்ற விமானிகளை அது பலி வாங்கவும் செய்தது.

இரண்டாம் உலகப் போரை அடுத்ததாக எடுத்துக்கொள்ளலாம். கொரியப் போரில் சோவியத் மிக்-15, அமெரிக்கச் சேபர் ஆகிய ஜெட் விமானங்களின் மோதல்களைப் பழகிய பிறகு ஆடுவது நல்லது. ஏவுகணைக் காலத்து விளையாட்டுகளில் விதிப் புத்தகம் பருத்துவிடும். அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பென்சிலோடு படம் பார்த்தல்

தேர்ந்தெடுத்த காலத்தைச் சேர்ந்த ஒரு படத்தை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை, வான்சண்டை வரும் பகுதிகளை மட்டும், கையில் ஒரு குறிப்பேட்டோடு. ஒவ்வொரு மோதலுக்கும் நான்கு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: யார் யாரை முதலில் கண்டார்? யார் மேலே இருந்தார்? சூரியன் எந்தப் பக்கம்? தப்பிக்க முயன்றவர் திரும்பினாரா, கீழ்நோக்கிப் பாய்ந்தாரா, ஏறினாரா? இந்த நான்கில் இரண்டுக்குக்கூட விடை தராத காட்சிகள் நிறைய உண்டு என்பதைக் காண்பீர்கள். அந்த இடைவெளிகளைத்தான் பிறகு மேசையில் நிரப்பப் போகிறோம்.

படத்தில் தெரியும் விமானத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. 1969-இல் வெளிவந்த ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்தில் வரும் மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்ற ஜெர்மானியப் போர் விமானங்களும் ஹைன்கெல் என்ற ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்களும் ஸ்பெயினில் உரிமம் பெற்றுக் கட்டப்பட்டவை. அவற்றில் பொருத்தப்பட்டிருந்தவை பிரிட்டனின் ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின் எஞ்சின்கள். எதிரெதிராகப் பறந்த இரு தரப்பு விமானங்களுக்கும் ஒரே குடும்பத்து எஞ்சின் என்பதால்தான் அந்த மெஸ்ஸர்ஷ்மிட்டின் மூக்கு உண்மையான 109-இன் மூக்கைப்போல் இல்லை. 1970-இன் ‘டோரா! டோரா! டோரா!’ படத்தில் ஜப்பானிய ஜீரோக்களாகப் பறந்தவை உருமாற்றப்பட்ட அமெரிக்கப் பயிற்சி விமானங்கள். 1986-இன் ‘டாப் கன்’ படத்தில் வரும் ‘மிக்-28’ என்ற விமானம் உலகில் இல்லவே இல்லை; கறுப்பு வண்ணம் பூசிய அமெரிக்க எஃப்-5 அது. இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. அசலை ஒத்த ஏதோ ஒன்றை உண்மையாகவே வானில் பறக்கவைத்துப் படம்பிடித்தவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் விமானத்தின் திறனை அறியப் படத்தை நம்பாமல், அதன் வேகம், ஏற்ற வீதம், ஆயுதம் ஆகியவற்றை வரலாற்று நூல்களில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாகத் தொலைவைக் கவனியுங்கள். இரண்டு விமானங்களும் ஒரே சட்டகத்துக்குள் தெரிய வேண்டும் என்பதற்காகப் படத்தில் அவை நெருக்கமாகப் பறக்கின்றன. உண்மையில் விமானிகள் பெரும்பாலும் ஒரு புள்ளியைத்தான் பார்த்தார்கள். 1927-இன் ‘விங்ஸ்’ படத்தை இயக்கிய வில்லியம் வெல்மேன் முதல் உலகப் போரில் பறந்தவர். பின்னணியில் மேகம் இல்லாவிட்டால் விமானத்தின் வேகம் திரையில் தெரியாது என்பதால் மேகம் வரும்வரை படப்பிடிப்பை நிறுத்தி வைத்தார். மேசைக்கும் இது பொருந்தும்: வெறும் கட்டத்தாளில் ஆடும்போது வானம் தட்டையாகிவிடுகிறது, ஆகவே இரண்டு மூன்று மேகங்களையும் ஒரு சூரியத் திசையையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தோட்டா. படங்களில் சுடுவது நிற்பதே இல்லை. 1940-இன் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 தோட்டாக்கள். பொத்தானை விடாமல் அழுத்தினால் ஏறத்தாழ 15 விநாடிகளில் எல்லாம் தீர்ந்துவிடும். ஒரு முழுச் சண்டைக்கும் அவ்வளவுதான். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாலே பல காட்சிகள் வேறுவிதமாகத் தெரியத் தொடங்கும். போர்க்காலத்தில் உண்மையாகவே எடுக்கப்பட்ட காட்சிகளைச் சேர்த்துக்கொண்ட 1949-இன் ‘ட்வெல்வ் ஓ கிளாக் ஹை’ போன்ற படங்களை இதற்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவற்றில் தாக்குதல் ஒரு கணத்தில் வந்து கடந்துவிடுவதைக் காணலாம்.

மூன்றாம் படி: உயரம் என்பது சேமிப்பு

விதிகளுக்குள் நுழையும் முன் புரிந்துகொள்ள வேண்டிய கருத்து ஒன்றே ஒன்றுதான். உயரத்தை வேகமாகவும், வேகத்தை உயரமாகவும் மாற்றிக்கொள்ளலாம். மணிக்கு 360 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் தன் வேகத்தில் வைத்திருக்கும் ஆற்றல், இழப்புகளைக் கணக்கில் கொள்ளாவிட்டால், ஏறத்தாழ 510 மீட்டர் உயரத்துக்குச் சமம். வேகம் இரட்டித்தால் அந்தச் சேமிப்பு நான்கு மடங்காகி 2000 மீட்டரைத் தாண்டும். உயரத்தில் இருப்பவர் பையில் பணம் வைத்திருப்பவர். எப்போது செலவழிப்பது என்பது அவர் கையில் இருக்கிறது. தாழ்வில் மெதுவாகப் பறப்பவருக்கு அந்தத் தெரிவு இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது திருப்பம். ஒரே அளவு சாய்வில் திரும்பும்போது வேகம் இரட்டித்தால் திருப்ப வட்டத்தின் ஆரம் நான்கு மடங்காகிறது. ஆகவே வேகமானவர் அகலமாகத்தான் திரும்ப முடியும், மெதுவானவர் உள்வட்டத்தில் நுழைந்துவிடுவார். கூர்மையான ஒவ்வொரு திருப்பமும் வேகத்தைத் தின்னும். வான்போர் விளையாட்டுகள் எவ்வளவு சிக்கலானவையாக இருந்தாலும் இந்த இழுபறியின்மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. பசிபிக் போரில் ஜீரோ மெதுவான வேகத்தில் எதையும் உள்வட்டத்தில் முந்தியது. வேகம் கூடும்போது அதன் கட்டுப்பாட்டுப் பரப்புகள் கனத்துப்போயின. எனவே அதனோடு சுற்றிச் சுற்றிச் சண்டையிடாமல், மேலிருந்து பாய்ந்து, சுட்டு, கடந்து போய்விடுவதே அமெரிக்க விமானிகளுக்கு வழியாயிற்று.

ஜெர்மானிய விமானி ஓஸ்வால்ட் போல்க்கே 1916-இல் தொகுத்த எட்டு விதிகளை இந்த இடத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள். தாக்கும் முன் சாதகமான நிலையைப் பெற்றுக்கொள்வது, முடிந்தால் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது, நெருங்கிய பிறகே சுடுவது, பின்பக்கமிருந்து தாக்குவது, எதிரியின் நிலப்பரப்பின் மேல் இருக்கும்போது திரும்பும் வழியை மறக்காமலிருப்பது என்று அவை போகும். ஒரே எதிரியைப் பலர் துரத்தக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. 1916 அக்டோபர் 28 அன்று எதிரியைத் துரத்திக்கொண்டிருந்தபோது தன் அணியைச் சேர்ந்த இன்னொரு விமானத்தோடு உரசித்தான் போல்க்கே விழுந்து இறந்தார்.

நான்காம் படி: முதல் ஆட்டம்

கடையில் கிடைக்கும் விளையாட்டை வாங்கும் முன், கீழே நான் தரும் சிறு விதிகளை வைத்து ஓர் ஆட்டம் ஆடுங்கள். அறுகோணக் கட்டங்கள் அச்சிட்ட ஒரு பெரிய தாள், ஆறுமுகப் பகடை இரண்டு, முனையில் அம்புக்குறி வரைந்த இரண்டு சிறு அட்டைத் துண்டுகள், ஆளுக்கொரு பென்சில், ஆளுக்கொரு குறிப்புத்தாள் ஆகியவை போதும். ஆட்டம் தொடங்கும்போது இரண்டு விமானங்களும் எட்டுக் கட்டத் தொலைவில் எதிரெதிராக, உயரம் 4, வேகம் 3 என்ற நிலையில் நிற்கட்டும். உயரம் 0 முதல் 6 வரை. 0 என்பது தரையை ஒட்டிய பறப்பு.

ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் தத்தம் நகர்வை மறைவாக எழுதி, ஒரே நேரத்தில் வெளிப்படுத்த வேண்டும். வேகம் எவ்வளவோ அவ்வளவு கட்டங்கள் முன்னோக்கிச் செல்ல வேண்டும், நிற்க முடியாது. திரும்புவதற்கு, வேகத்தில் ஒன்று குறைத்தால் எவ்வளவு வருமோ அத்தனை கட்டங்கள் முதலில் நேராகச் சென்றிருக்க வேண்டும். அதன் பிறகு 60 பாகை, அதாவது ஒரு பக்கம், திரும்பலாம். ஆக வேகம் 2-இல் ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் திரும்பலாம், வேகம் 5-இல் நான்கு கட்டங்கள் கடந்தாக வேண்டும். வேகம் 1-இல் திரும்பவோ ஏறவோ முடியாது. ஒரே சுற்றில் இருமுறை திரும்பியவரின் வேகம் அடுத்த சுற்றில் ஒன்று குறையும். ஒருமுறைகூடத் திரும்பாமல் சமதளத்தில் பறந்தவர், எஞ்சினின் உதவியால் அடுத்த சுற்றில் வேகத்தை ஒன்று கூட்டலாம், ஆனால் 3-ஐத் தாண்டி அல்ல.

ஏறும்போது ஒவ்வொரு நிலைக்கும் அடுத்த சுற்றின் வேகம் ஒன்று குறையும், பாயும்போது ஒவ்வொரு நிலைக்கும் ஒன்று கூடும். உச்ச வேகம் 5. ஒரு சுற்றில் இரண்டு நிலைகள் வரை பாயலாம். சாதாரணமாக ஒரு நிலைதான் ஏறலாம், ஆனால் வேகம் 4-ஆகவோ 5-ஆகவோ இருந்தால் இரண்டு நிலைகள் ஏறலாம். பாயாமல் பறந்தால் 3-க்கு மேற்பட்ட வேகம் சுற்றுக்கு ஒன்று வீதம் கரைந்துவிடும். ஏறும் சுற்றில் இந்தக் கரைவைத் தனியாகக் கணக்கிட வேண்டாம்.

இருவரும் நகர்ந்து முடித்த பிறகு சுடுதல். எதிரி உங்கள் விமானத்தின் நேர்முன் வரிசையில், மூன்று கட்டங்களுக்குள், உங்கள் உயரத்திலோ ஒரு நிலை வித்தியாசத்திலோ இருந்தால் ஒரு பகடை உருட்டலாம். ஒரு கட்டத் தொலைவில் 3 அல்லது அதற்கு மேல், இரண்டு கட்டத்தில் 5 அல்லது அதற்கு மேல், மூன்று கட்டத்தில் 6 மட்டும் விழுந்தால் அடி பட்டதாகக் கொள்ள வேண்டும். எதிரியின் வால்பக்கத்திலிருந்து சுட்டால் பகடையில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று அடி வாங்கிய விமானம் விழும். ஒவ்வொருவருக்கும் ஆறு முறை சுடத் தோட்டா உண்டு, அதற்குமேல் கிடையாது.

இந்த விதிகளில் எந்தக் குறிப்பிட்ட விமானமும் இல்லை என்பது வேண்டுமென்றே செய்தது. முதல் ஆட்டத்தில் இருவரும் சுற்றிச் சுற்றி வந்து, வேகம் 2-க்கு இறங்கி, ஒருவர் வாலை ஒருவர் துரத்தும் வட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள். அதை அப்படியே ஆடி முடியுங்கள். இரண்டாம் ஆட்டத்தில் ஒருவரை உயரம் 6-இலும் மற்றவரை உயரம் 3-இலும் தொடங்கவையுங்கள். இந்த ஆட்டத்தில்தான் பாடம் இருக்கிறது.

உயரத்தில் இருப்பவர் பழகாதவராக இருந்தால் இரண்டு நிலை பாய்ந்து, ஒருமுறை சுட்டு, தவறவிட்டதும் உடனே எதிரியோடு சேர்ந்து திரும்பத் தொடங்குவார். அடுத்த சுற்றில் அவர் வேகம் 5; நான்கு கட்டங்கள் நேராகப் போன பிறகே திரும்ப முடியும்; தாழ்வில் வேகம் 2-இல் இருப்பவர் அதற்குள் இருமுறை திரும்பி அவர் வாலுக்கு நேராக வந்துவிடுவார். கொஞ்சம் பழகிய பிறகு அவரே வேறுவிதமாக ஆடுவார்: பாய்வார், ஒரு பகடை உருட்டுவார், பட்டாலும் படாவிட்டாலும் அதே திசையில் கடந்துபோய், சேர்த்த வேகத்தைச் செலவழித்து இரண்டு நிலை மேலேறி, எட்ட முடியாத தொலைவில் நிதானமாகத் திரும்பி மறுபடியும் வருவார். தாழ்வில் இருப்பவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: பாய்ந்து வருபவரை நேருக்கு நேர் எதிர்கொண்டு, அவருக்கு வால்பக்கம் கிடைக்காமல் செய்வது. போல்க்கேயின் விதிகளில் ஒன்று இதையே சொல்கிறது. படத்தில் ‘ஏன் இவன் எதிரியை நோக்கியே போகிறான்’ என்று நாம் வியந்த காட்சிக்கு விடை இங்கே கிடைக்கிறது. பக்கங்களை மாற்றிக்கொண்டு அதே ஆட்டத்தை இன்னொரு முறை ஆடாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

ஐந்தாம் படி: அச்சில் வந்த விளையாட்டைத் தேர்ந்தெடுத்தல்

இப்போது உங்களுக்குப் பிடித்தது எது என்று ஓரளவு தெரிந்திருக்கும். எதிராளி என்ன செய்வார் என்று ஊகிப்பதில் இன்பம் கண்டவர்களுக்கு நகர்வு அட்டைகளைக் கொண்ட ‘விங்ஸ் ஆஃப் குளோரி’ ஏற்றது. அதன் முதல் உலகப் போர்ப் பதிப்பில் மூன்று நகர்வு அட்டைகளை முன்கூட்டியே கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றாக ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். அட்டையில் வரைந்த அம்புக்கோட்டின் மேல் விமானத்தை நகர்த்துவதால் கட்டத்தாளே வேண்டாம். ஒவ்வொரு விமானத்துக்கும் தனி அட்டைக்கட்டு உண்டு என்பதால், அதன் குணம் விதிப் புத்தகத்தில் இல்லாமல் கையிலேயே இருக்கிறது. புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

அறுகோணக் கட்டமும் எழுதிவைக்கும் நகர்வும் பிடித்தவர்கள் ‘செக் யுவர் சிக்ஸ்’ விதிகளைப் பார்க்கலாம். அதில் விமானத்தின் திறனைப்போலவே விமானியின் திறனும் எடைபோடப்படுகிறது. ‘பிளட் ரெட் ஸ்கைஸ்’ விளையாட்டில் உயரத்தை எண்ணால் எழுதாமல், சாதகம், நடுநிலை, பாதகம் என்ற மூன்று நிலைகளாகச் சுருக்கி, விமானத்தின் தாங்கியைச் சாய்த்துக் காட்டுகிறார்கள். பல விமானங்களை விரைவாக ஆட இது உதவும். 1980-இல் வெளிவந்த ‘ஏஸ் ஆஃப் ஏசஸ்’ மேசையே தேவைப்படாத விளையாட்டு: ஆளுக்கொரு சிறு புத்தகம், ஒவ்வொரு பக்கத்திலும் விமானி இருக்கையிலிருந்து தெரியும் காட்சி, நகர்வுக்கேற்ப இருவரும் பக்க எண்ணைச் சொல்லிப் புரட்டுகிறார்கள்.

கூட ஆட ஆள் கிடைக்காதவர்களுக்கு ‘பி-17: குயின் ஆஃப் தி ஸ்கைஸ்’ போன்ற தனியாட்ட விளையாட்டுகள் உண்டு. பத்துப் பேர் கொண்ட ஒரு குண்டுவீச்சு விமானக் குழுவை 25 பயணங்கள் உயிரோடு கொண்டுசெல்ல வேண்டும். முடிவெடுக்க இதில் அதிகம் இல்லை, பகடையும் அட்டவணையும்தான் பெரும்பகுதி. ஆனால் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு பெயர் எழுதி வைத்துக்கொண்டு ஆடினால், எட்டாம் பயணத்தில் வால் துப்பாக்கியாளரின் பெயரை அடிக்கும்போது கை தயங்கும். அந்தத் தயக்கத்துக்காகவே இதை ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும்.

மாதிரி விமானங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1/144, 1/200, 1/300 ஆகிய அளவுகள் பரவலாக வழங்குகின்றன. ஒரே அளவைத் தேர்ந்தெடுத்து அதிலேயே சேர்த்துக்கொண்டு போங்கள். வண்ணம் தீட்டும்போது மேல்பக்கத்துக்கு நேரம் செலவழியுங்கள், மேசையில் நாம் பார்ப்பது அதைத்தான்.

ஆறாம் படி: இரண்டுக்கு இரண்டு

ஒற்றைக்கு ஒற்றையாக ஆடுவது பழக்கத்துக்குத்தான். உண்மையான வான்போரில் விமானிகள் தனியாகப் பறப்பதைத் தவிர்த்தார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஜெர்மானியர்கள் இரண்டிரண்டாகவும், அந்த இரட்டைகளைச் சேர்த்து நான்காகவும் பறக்கப் பழகினார்கள். ஒருவர் தாக்குவார், மற்றவர் அவர் முதுகைப் பார்த்துக்கொள்வார். 1940-இல் பிரிட்டிஷ் அணிகள் மூன்று விமானங்களை நெருக்கமாக அடுக்கிப் பறந்தபோது, பின்தொடர்ந்தவர்களுக்குத் தம் தலைவரின் இறக்கையை உரசாமல் பார்த்துக்கொள்வதே பெரும் வேலையாக இருந்தது, வானத்தைப் பார்க்க நேரமில்லை. படங்களில் அழகாகத் தெரியும் அந்த மூன்று விமான அணியை மேசையில் ஒருமுறை ஆடிப் பாருங்கள்: மூன்றாவது விமானத்துக்குத் திரும்ப இடமே இருக்காது.

இரண்டு விமான ஆட்டத்துக்கு எனக்குத் தெரிந்த சிறந்த பயிற்சி, அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச் கண்டுபிடித்தது. ஜீரோவைப் பற்றிய உளவுத் தகவலை 1941-இல் படித்த அவர், தம் வைல்டுகேட் விமானத்தைவிட நன்றாக ஏறி, நன்றாகத் திரும்பும் ஓர் எதிரியை எப்படிச் சமாளிப்பது என்று இரவில் வீட்டு மேசையில் தீக்குச்சிகளை அடுக்கி யோசித்தார். அவர் கண்ட விடை இது: இரண்டு விமானங்கள் பக்கவாட்டில் இடைவெளி விட்டு இணையாகப் பறக்க வேண்டும், ஒருவர் வாலில் எதிரி ஒட்டிக்கொண்டதும் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்ப வேண்டும், துரத்தி வரும் எதிரி அந்தத் திருப்பத்தைப் பின்பற்றினால் இரண்டாம் விமானத்தின் துப்பாக்கிக்கு நேராக வந்து நிற்பான். 1942 ஜூன் 4 அன்று மிட்வே சண்டையில் தாச் அதைப் பயன்படுத்திக் காட்டினார். மேலே தந்த விதிகளிலேயே இதை ஆடலாம். இரண்டு நண்பர்கள் ஆறு கட்ட இடைவெளியில் இணையாகத் தொடங்கட்டும். எதிரிக்கு மட்டும், இருமுறை திரும்பினாலும் வேகம் குறையாது என்ற சலுகையைக் கொடுங்கள். இருவரும் ஒரே சுற்றில் திரும்பினால்தான், ஒருவர் பாதையை ஒருவர் குறுக்கிடும் இந்த நெசவு பலிக்கும். ஒருவர் ஒரு சுற்று தாமதித்தாலும் கலைந்துவிடும். நகர்வை மறைவாக எழுதுவதால், பேசிக்கொள்ளாமல் நண்பரின் மனத்தை அறிய வேண்டியிருக்கும். வானொலி வேலை செய்யாத விமானியின் நிலையை இதைவிட நன்றாக வேறெதுவும் எனக்கு விளக்கியதில்லை.

ஏழாம் படி: திரைக்காட்சியை ஆட்டமாக்குதல்

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில் விமானங்களை நிறுத்தி, எல்லோரும் விழும்வரை சண்டை போடவைப்பது வரலாறு ஆகாது. நானும் தொடக்கத்தில் பன்னிரண்டு விமானங்களை மேசையில் பரப்பி, மூன்று மணி நேரம் கழிந்தும் நான்காம் சுற்றைத் தாண்டாமல் கலைத்திருக்கிறேன். உண்மையில் ஒவ்வொரு தரப்பும் ஏதோ ஒரு வேலைக்காகத்தான் அங்கே வந்தது. காட்சியை ஆட்டமாக்கும்போது முதலில் எழுதவேண்டியது, யார் எதற்காக வந்தார், எப்போது திரும்பிப் போக வேண்டும் என்பதைத்தான்.

ஜெர்மனி பிரிட்டனை வானிலிருந்து தாக்கிய 1940 இலையுதிர்காலத்தின் ஒரு மோதலை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஹைன்கெல் குண்டுவீச்சு விமானங்கள், உயரம் 4, வேகம் 2, தாளின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகச் செல்கின்றன; தம்மைச் சுடுபவரை அவை திருப்பிச் சுடலாம், 6 விழுந்தால் மட்டும் அடி; ஐந்து அடி வாங்கினால் விழும். அவற்றுக்கு மேலே உயரம் 6-இல் இரண்டு மெஸ்ஸர்ஷ்மிட்கள். மூன்று ஸ்பிட்ஃபயர்கள் இரண்டாம் சுற்றில், உயரம் 4-இல், பக்கவாட்டிலிருந்து நுழைகின்றன. லண்டனுக்கு மேல் சுமார் 10 நிமிடம் நிற்கத்தான் மெஸ்ஸர்ஷ்மிட்டின் எரிபொருள் போதுமானதாக இருந்தது. ஆகவே பத்தாம் சுற்று முடிந்ததும், சண்டை எந்த நிலையில் இருந்தாலும், அவை வந்த ஓரத்தை நோக்கித் திரும்பியாக வேண்டும். பிரிட்டிஷ் தரப்புக்கு மதிப்பெண் ஹைன்கெல்லைத் தாக்கினால் மட்டுமே. இந்த ஒரு விதி ஆட்டத்தின் முகத்தையே மாற்றிவிடும்: ஸ்பிட்ஃபயர் விமானி மெஸ்ஸர்ஷ்மிட்டோடு மல்லுக்கட்டும் ஒவ்வொரு சுற்றும் அவருக்கு நட்டம்.

இன்னொரு சிறு விதியையும் சேர்க்கலாம். ஸ்பிட்ஃபயரின் அன்றைய மெர்லின் எஞ்சினில் எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் இருந்ததால், மூக்கைத் திடீரெனக் கீழே தள்ளினால் எரிபொருள் தடைபட்டு எஞ்சின் ஒரு கணம் திணறும். மெஸ்ஸர்ஷ்மிட்டில் எரிபொருள் நேரடியாக உட்செலுத்தப்பட்டதால் அந்தச் சிக்கல் இல்லை. எனவே ஸ்பிட்ஃபயர் பாயத் தொடங்கும் சுற்றில் ஒரு நிலைக்கு மேல் இறங்கக் கூடாது, மெஸ்ஸர்ஷ்மிட் இரண்டு நிலை இறங்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1941-இல் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் எரிபொருள் பாதையில் பொருத்திய சிறு தகடு இந்தக் குறையைப் பெருமளவு தணித்தது. ஆகவே பிற்காலச் சண்டைகளை ஆடும்போது இந்த விதியைத் தளர்த்திவிடலாம். உண்மையான ஒரு குறையை ஒற்றை வரி விதியாக எழுதிப் பழகுவதுதான் இந்தக் கலையின் அடிப்படை. அதிகமாகச் சேர்க்காதீர்கள், ஓர் ஆட்டத்துக்கு இரண்டு சிறப்பு விதிகள் போதும்.

எட்டாம் படி: குறிப்பேடு

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கித் தேதி, விமானங்கள், தொடக்க உயரம், சுட்ட தோட்டா, முடிவு ஆகியவற்றை எழுதுங்கள். சற்றுப் பழகிய பின், அடி வாங்கிய விமானத்தின் சேதத்தை எதிராளிக்குச் சொல்லாமல் உங்கள் தாளில் மட்டும் குறித்துக்கொண்டு ஆடுங்கள். சேதம் முற்றியதும் ‘புகையோடு கீழே போகிறது’ என்று மட்டும் சொல்லித் தாளை விட்டு விலக்குங்கள். மூன்று அடி வாங்காத விமானமும், விரும்பினால், அதே சொல்லைச் சொல்லித் தப்பியோடலாம். சுட்டவர் தாம் வீழ்த்தியதாக நம்பும் கணக்கை எழுதிக்கொள்ள வேண்டும். முடிவில் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. உண்மையான இழப்பு சுமார் 60. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தைப் பலர் சுட்டார்கள், புகை வந்ததைப் பார்த்தார்கள், விழுவதைப் பார்க்கும்வரை அங்கே நின்றால் தாமே விழுந்திருப்பார்கள். உங்கள் இரண்டு தாள்களின் கூட்டல்களும் அதே காரணத்தால்தான் ஒத்துப்போகாது.

ஐந்தாறு ஆட்டங்கள் ஆன பிறகு, இரண்டாம் படியில் குறிப்பெடுத்த அதே படத்தை மீண்டும் போடுங்கள். சண்டைக் காட்சியில், விழப்போகும் விமானம் தன் சாதகத்தை எந்த இடத்தில் இழந்தது என்று தேடி, அங்கே நிறுத்துங்கள். அது சுடப்படும் நொடிக்கு வெகுமுன்பே இருக்கும். அந்தச் சட்டகத்தில் தெரியும் உயரம், திசை, இடைவெளி ஆகியவற்றை மேசையில் வைத்து, விழப்போகும் விமானத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு, முதல் நகர்வை எழுதுங்கள்.